பழைய மோட்டார் காரில் தீயணைப்புக் கருவி: எதைத் தெரிவது, எங்கே பொருத்துவது?

பழைய மோட்டார் கார்களைப் பேணி வைத்திருப்போர் அவற்றின் வர்ணப்பூச்சுக்கும் இருக்கைகளின் தோலுக்கும் சக்கர மூடிகளின் பளபளப்புக்கும் தாராளமாகச் செலவிடுகின்றனர். அதே கார்களில் தீயணைப்புக் கருவி ஒன்று உண்டா என வினவினால், பெரும்பாலும் கிடைப்பது மௌனமேயாகும். இருக்கிறது என்று பதிலளிப்பவர்களிலும் பலர், அது டிக்கியில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கின்றது என்றே கூறுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவருடைய புதல்வியின் திருமணத்தின்போது, அவரது மொறிஸ் மைனர் காரில் நாமும் பயணம் செய்ய நேர்ந்தது. கோயிலை அடைவதற்குச் சற்று முன்னதாக பொனட்டின் இடுக்குகளிலிருந்து புகை கிளம்பிற்று. சாரதி காரை நிறுத்திவிட்டு டிக்கியை நோக்கி ஓடினார். தீயணைப்புக் கருவி அங்கேதான் இருந்தது. ஆனால் அதன் மேல் சேலைப் பெட்டிகளும் பழத்தட்டுகளும் குத்துவிளக்கும் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் இறக்கிவைத்துக் கருவியைக் கையில் எடுத்தபோது, அதன் பாதுகாப்பு ஊசி துருவேறிக் கழல மறுத்தது. வீதியோரக் கடைக்காரர் ஒருவர் வாளியில் கொண்டுவந்த மணலே அன்று தீயை அணைத்தது. எவருக்கும் தீங்கு ஏற்படவில்லை. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கருவியை எவரும் தொட்டுப் பார்த்ததில்லை என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம்.

இதனை நாம் இங்கு குறிப்பிடுவது நண்பரைக் குறைகூறுவதற்காக அல்ல. அவர் கருவியை வாங்கியிருந்தார். எதை வாங்குவது, எங்கே பொருத்துவது, எவ்வாறு பேணுவது என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்கள் எஞ்சிய கதை

நமது நாட்டில் பழைய பிரித்தானியக் கார்கள் இவ்வளவு காலம் எஞ்சியிருப்பதற்குச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு மட்டுமே காரணமன்று. 1960களின் ஆரம்பத்திலிருந்து 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள், இருக்கும் வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டிய நிலையை உருவாக்கின. யாழ்ப்பாணத்தில் இந்நிலை மேலும் நீடித்தது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டதன் பின்னர் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்களே நோயாளர்களையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சுமந்தன. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்ற வித்தையைச் சாரதிகள் அக்காலத்திலேயே கற்றுக்கொண்டனர்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வீடுகளோடும் கடைகளோடும் தமது வாகனங்களையும் விட்டுச் சென்றனர். ஆகவே பழைய காரொன்று எஞ்சியிருக்கும் வீட்டில், அது தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், அந்தக் கார் குடும்ப வரலாற்றின் ஓர் அங்கமாகவே கருதப்படுகின்றது. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல் மீண்டும் அனுமதி வழங்கப்படும் வரையிலான இடைவெளியில் பழைய கார்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது. இன்று அவை திருமண வைபவங்களுக்கு மணமக்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களாகவும் விளங்குகின்றன. அறுபது, எழுபது வயதான இயந்திரத்தின் பின்னால் நாம் அமர்த்துவது நமது பிள்ளைகளையே என்பதை மறந்துவிடலாகாது.

தீ எங்கிருந்து வருகின்றது?

பெற்றோல் நீர்மையாக எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகின்றது. பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைப் பெற்றோல் வெளிவிடும். மண்ணெண்ணெய் அந்நிலையை அடைவதற்கு ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. மண்ணெண்ணெயுடன் பழகிய கைகள் பெற்றோலையும் அதே அலட்சியத்துடன் கையாள்வது ஆபத்தானதாவதற்கு இதுவே காரணமாகும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு படர்ந்து, தூரத்திலுள்ள தீப்பொறியையும் தேடிச் செல்லும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது கலன்களில் பெற்றோலை நிரப்பி டிக்கியில் வைத்திருக்கும் பழக்கம் பலரிடம் ஏற்பட்டது. நெருக்கடி தணிந்த பின்னரும் அப்பழக்கத்தைக் கைவிடாதவர்கள் உடனடியாகக் கைவிட வேண்டும்.

பழைய கார்களின் அமைப்பும் இதற்குத் துணைபோகின்றது. மொறிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இக்காரில், காபரேற்றரும் சூடான புகைபோக்கிக் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. காபரேற்றர் நிரம்பி வழிந்தால் பெற்றோல் சொட்டுவது அந்தச் சூட்டின் மேலேயே ஆகும். எரிபொருளை இறைக்கும் பம்பு மின்சாரத்தில் இயங்குவது. இயந்திரம் நின்றுவிட்டாலும் சாவி திறந்திருக்கும் வரை அறுந்த குழாய் வழியே அது பெற்றோலைத் தொடர்ந்து இறைக்கக்கூடும். மின்சுற்றுகளுக்கு இருப்பவை இரண்டே பியூஸ்கள். முன்விளக்குகளுக்குச் செல்லும் வயர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. வயரின் உறை உரிந்து உலோகத்தில் பட்டால், பியூஸ் எரிவதற்குப் பதிலாக வயரே எரியும்.

எனவே தீயணைப்புக் கருவிக்கு முன்னதாகச் செய்ய வேண்டிய காரியங்கள் மூன்று உள்ளன. இறுகி வெடித்த இறப்பர் எரிபொருள் குழாய்களை மாற்றுதல் முதலாவது. பாதுகாப்பற்ற மின்சுற்றுகளுக்குப் பியூஸ் இடுதல் இரண்டாவது. பற்றரியின் இணைப்பை ஒரே திருப்பலில் துண்டிக்கும் ஆளி ஒன்றைப் பொருத்துதல் மூன்றாவது. தீயணைப்புக் கருவி என்பது இவையனைத்தும் தவறும்போது கைகொடுக்க வேண்டிய கடைசித் துணையாகும்.

எந்தக் கருவியைத் தெரிவது?

நீர் நிரப்பிய கருவி காருக்கு உகந்ததன்று. பெற்றோல் நீரில் மிதக்குமாதலால், நீரைப் பீய்ச்சினால் தீ மேலும் பரவும். காபனீரொட்சைட்டுக் கருவி மூடிய அறைக்குள் நன்கு தொழிற்படும். ஆயினும் திறந்த வீதியில் காற்று அந்த வாயுவை அடித்துச் சென்றுவிடும். அதன் உருளையும் பாரமானது. ஆகவே தெரிவு செய்யத்தக்கவை தூள், நுரை, தூய வாயு என்ற மூன்று வகைகளே.

உலர் தூள் கருவி எங்கும் கிடைக்கக்கூடியது. விலையும் ஏனையவற்றைவிடக் குறைவு. பெற்றோல் தீயின் சுவாலையை அது கணப்பொழுதில் வீழ்த்தும். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் ஏபிசி எனக் குறிக்கப்பட்ட தூளில் இருப்பது அமோனியம் பொசுபேற்று ஆகும். இருக்கை, துணி முதலிய திண்மப் பொருள்களின் தீயையும் அது அணைக்கும். அதன் குறை பின்னரே தெரியவரும். சூடான உலோகத்தின் மேல் உருகி ஒட்டிக்கொள்வதோடு, ஈரம் பட்டதும் அமிலத்தன்மையடைந்து அலுமினியப் பாகங்களையும் மின் இணைப்புகளையும் அது அரிக்கத் தொடங்கும். நமது கரையோரப் பிரதேசங்களின் ஈரக்காற்று இவ்வரிப்பை விரைவுபடுத்தும். பீசி எனக் குறிக்கப்பட்ட தூளில் இருப்பது சோடியம் இருகாபனேற்று அல்லது பொற்றாசியம் இருகாபனேற்று ஆகும். முன்னையது நமது சமையலறைகளின் அப்பச்சோடாவே. இதன் அரிப்பு குறைவு. ஆனால் இருக்கையும் துணியும் எரிந்தால் இதனைக் கொண்டு அணைக்க முடியாது. இருவகைத் தூளுக்கும் பொதுவான இன்னொரு குறை, அவை சூட்டைத் தணிப்பதில்லை என்பதாகும். சுவாலை அடங்கிய பின்னரும் கொதிக்கும் புகைபோக்கியின் மேல் பெற்றோல் சொட்டுமானால் தீ மீண்டும் பற்றிக்கொள்ளும்.

நுரைக் கருவி சூட்டையும் தணித்து, பெற்றோலின் மேல் ஒரு படலத்தையும் விரித்து ஆவியை அடக்குகின்றது. பின்னர் நீரால் கழுவிவிடலாம். 12 வோல்ற் மின்சாரமுள்ள காரில் மின்னதிர்ச்சி குறித்து அஞ்ச வேண்டியதில்லை. குளிர்நாடுகளில் நுரைக்கரைசல் உறைந்துவிடும் என்ற தயக்கம் உண்டு. அது நமக்கு இல்லை. சூழலில் நீண்டகாலம் அழியாத புளோரின் சேர்வைகள் பழைய நுரைகளில் கலந்திருந்தமையால், அவை கலக்காத புதிய வகைகளைக் கேட்டு வாங்குவது நன்று. தூளைவிட இக்கருவி பருமனானது என்பதையும் கவனத்திற்கொள்ள வேண்டும்.

தூய வாயுக் கருவி எச்சம் எதனையும் விட்டுவைப்பதில்லை. காட்சிக்கு வைக்கும் அருமையான காருக்கு அதுவே சிறந்தது எனலாம். விலையும் மீள்நிரப்பும் வசதியுமே அதிலுள்ள சிக்கல்களாகும். இவ்வகையின் முன்னோடியான ஹேலோன் 1211, ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்கு உட்பட்டுக் கைவிடப்பட்டது. வளர்ந்த நாடுகளில் 1993இன் இறுதியுடனும், ஏனைய நாடுகளில் 2009இன் இறுதியுடனும் அதன் உற்பத்தி நின்றது. பழைய பச்சை நிற ஹேலோன் உருளையை எவரேனும் மலிவாகத் தர முன்வந்தால் அதனைத் தவிர்த்துக்கொள்வதே முறையாகும்.

தவிர்க்க வேண்டிய பொருள் இன்னொன்றும் உண்டு. பைரீன் என்ற வர்த்தகப் பெயரால் அறியப்பட்ட பித்தளைக் கைப்பம்பு பழைய கார்களில் அழகுக்காகப் பொருத்தப்படுகின்றது. அதனுள் நிரப்பப்பட்டிருந்தது காபன் நாற்குளோரைட்டு ஆகும். அது தீயில் பட்டால் பொஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். முதலாம் உலக யுத்தத்தில் படையினரைக் கொல்லப் பயன்படுத்தப்பட்ட வாயு அதுவே. பித்தளையை மினுக்கி அலங்காரமாக வைத்திருப்போர், உள்ளே திரவம் எஞ்சியிருந்தால் அதனைத் தாமே திறந்து ஊற்றாமல் விடயம் அறிந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தமட்டில், 1 கிலோ தூள் கருவி பத்து விநாடிகள்கூட நின்றுபிடிப்பதில்லை. ஆகவே 2 கிலோவுக்குக் குறையாத கருவியையே நாம் சிபாரிசு செய்கின்றோம். அழுத்தமானி இல்லாத சிறிய தெளிப்புக் குப்பிகளை முதன்மைக் கருவியாக நம்பக்கூடாது. உற்பத்தித் திகதியும் தரச்சான்றும் உருளையில் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். இவையனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, சாதாரண குடும்பக் காருக்கு 2 கிலோ ஏபிசி தூள் கருவி போதுமானது என்பதே நமது கருத்தாகும். தூள் பட்ட காரைக் கழுவித் திருத்திக்கொள்ளலாம். எரிந்த காரைத் திருத்துவதற்கு வழியில்லை. என்றோ ஒருநாள் வாயுக் கருவி வாங்குவோம் என்று எண்ணி இன்று வெறுங்கையுடன் ஓட்டுவதைவிட, கையருகில் தூள் கருவி இருப்பது மேலானது.

எங்கே, எவ்வாறு பொருத்துவது?

ஆசனத்தில் அமர்ந்தபடியே சாரதி கையை நீட்டி எடுக்கக்கூடிய இடமே சரியான இடமாகும். டிக்கி அவ்வாறான இடமன்று. மைனர் காரில் பெற்றோல் தாங்கி டிக்கியின் தளத்துக்குக் கீழேயே உள்ளது. தீ அங்கே பற்றினால் கருவியை நெருங்கவே முடியாது. இயந்திரப் பகுதிக்கும் இதே நியாயம் பொருந்தும். முகப்புத் தட்டிலும் பின்கண்ணாடியின் கீழும் வைப்பது பொருத்தமற்றது. பெரும்பாலான கருவிகள் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்துக்கே உத்தரவாதம் அளிக்கின்றன. நண்பகல் வெயிலில் மூடிவைத்த காரின் முகப்புத் தட்டு அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும்.

முன் ஆசனத்தின் முன்விளிம்புக்குக் கீழே, தளத்தில், காரின் குறுக்குவாட்டில் படுக்கையாகப் பொருத்துவது நடைமுறைக்கு ஏற்றதாகும். நெடுக்குவாட்டில் வைத்த உருளை கழன்றால் முன்னோக்கி உருண்டு பிரேக் மிதியின் அடியில் சிக்கிக்கொள்ளலாம். சாரதியின் பக்கத்தில் மிதிகளுக்கு இடையூறு ஏற்படுமெனில், இடப்புற ஆசனத்தின் முன்னே சாரதியின் கைக்கெட்டும் பக்கமாகப் பொருத்தலாம். ஆசனம் முன்னும் பின்னும் நகரும்போது உருளையில் முட்டுகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியுடன் இலவசமாகத் தரப்படும் பிளாஸ்ரிக் தாங்கி சுவருக்கு உரியது, காருக்கு உரியதன்று. 2 கிலோ தூள் கொண்ட கருவியின் மொத்த எடை 3 முதல் 4 கிலோ வரை இருக்கும். மோதலின்போது வேகம் புவியீர்ப்பின் 20 மடங்கு வீதத்தில் குறையுமானால், அக்கருவி 60 முதல் 80 கிலோ எடையுள்ள பொருளைப் போன்று முன்னே பாய முற்படும். தீயிலிருந்து காக்க வேண்டிய பொருளே அப்போது காலை முறிக்கும் பொருளாகிவிடும். ஆகவே உருளையை இரு இடங்களில் இறுகப் பிடிப்பதும் ஒரே இழுப்பில் கழல்வதுமான உலோகப் பட்டிகள் கொண்ட உலோகத் தாங்கியையே வாங்க வேண்டும்.

அத்தாங்கியை மரத்துக்கு அடிக்கும் திருகாணிகளால் தகட்டில் பூட்டக்கூடாது. 6 அல்லது 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள மரையாணிகளைத் தளத்தின் ஊடாகச் செலுத்தி, கீழ்ப்புறத்தில் அகலமான உருக்குத் தகடு வைத்து இறுக்க வேண்டும். பழைய காரின் தளத்தகடு விரிப்பின் கீழே துருவால் உக்கிப்போயிருக்கலாமாகையால், விரிப்பை அகற்றித் தட்டிப் பார்த்த பின்னரே துளையிட வேண்டும். காரின் கீழே சென்று பார்ப்பது அதைவிட முக்கியமானதாகும். பெற்றோல் குழாய், பிரேக் குழாய், கைப்பிரேக் கேபிள் ஆகியன அப்பகுதியிலேயே ஓடுகின்றன. மைனரில் பிரேக்கின் பிரதான உருளையே சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழேதான் அமைந்துள்ளது. பாரம்பரியக் காரில் புதிய துளையிட மனம் ஒப்பாதவர்கள், ஆசனத்தைத் தளத்துடன் பிணைக்கும் மரையாணிகளிலேயே தகடொன்றைப் பூட்டி, அதன் மேல் தாங்கியை அமைத்துக்கொள்ளலாம். நல்ல கராஜ் ஒன்றில் இது சிறிய வேலையே.

பேணுதல்

மாதத்துக்கு ஒரு தடவை மூன்று விடயங்களைப் பார்த்தல் வேண்டும். அழுத்தமானியின் முள் பச்சை நிறப் பகுதியில் நிற்கின்றதா, பாதுகாப்பு ஊசி துருவின்றி இருக்கின்றதா, பட்டி இலகுவில் கழல்கின்றதா என்பனவே அவை. தூள் கருவியானால் அதனை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். குன்றும் குழியுமான வீதிகளில் ஓடும் காரின் அதிர்வினால் தூள் அடியில் இறுகிவிட வாய்ப்புண்டு. அழுத்தமானி அழுத்தத்தை மட்டுமே காட்டும். தூள் இறுகியிருப்பதை அது காட்டாது. ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவர்களிடம் கொடுத்துப் பரிசோதிப்பதும் அவசியமாகும். சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு விநாடி அழுத்தினாலும்கூட வால்வில் தூள் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். ஒருமுறை அழுத்திய கருவி மீள நிரப்பப்பட வேண்டிய கருவியே.

தீ ஏற்பட்டால்

புகையைக் கண்டதும் காரை ஓரமாக நிறுத்திச் சாவியை மூட வேண்டும். மின்பம்பு அத்துடன் நிற்கும். அடுத்ததாக, காரிலுள்ள அனைவரையும் இறக்கி ஏறத்தாழ 30 மீற்றர் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டுச்சேலை உடுத்திய மணமகளும் மடியில் குழந்தையை வைத்திருக்கும் தாயும் இறங்குவதற்கு நேரமெடுக்கும் என்பதால் இதற்கே முதலிடம் தரப்பட வேண்டும். வேறொருவர் 110 என்ற இலக்கத்தில் தீயணைப்புப் படையினரை அழைக்கட்டும். எவரேனும் காயமடைந்திருந்தால் அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990 ஆகும்.

பொனட்டை முழுமையாகத் திறப்பது பலரும் இழைக்கும் தவறாகும். உள்ளே புகும் புதுக்காற்று தீயை முகத்தை நோக்கி எழச்செய்யும். கொளுவியை மட்டும் தளர்த்தி, சிறிதளவு உயர்த்திய இடைவெளியினூடாக அல்லது முன்பக்கக் கிராதியினூடாகத் தூளைச் செலுத்த வேண்டும். காற்று வீசும் திசையை முதுகின் பக்கமாகக் கொண்டு, இரண்டு மூன்று மீற்றர் தூரத்தில் நின்று, சுவாலையின் நுனியை விட்டுவிட்டு அடியைக் குறிவைக்க வேண்டும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது காருக்குள் தூளைப் பீய்ச்சக்கூடாது. பார்வை மறைந்து மூச்சுத் திணறும். கருவி தீர்ந்த பின்னரும் தீ அடங்கவில்லையெனில், அல்லது தீ பெற்றோல் தாங்கியின் பக்கம் இருக்குமெனில், காரை விட்டு விலகிவிட வேண்டும். கார் எவ்வளவு அருமையானதாயினும், அதனை ஓட்டிய தந்தையின் நினைவு அதில் எவ்வளவு படிந்திருப்பினும், உயிருக்கு ஈடாகாது.

மணவாகனமாகப் பழைய கார்களை வாடகைக்கு அமர்த்தும் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வாடகையைப் பேசும்போதே தீயணைப்புக் கருவி எங்கே இருக்கின்றது எனச் சாரதியிடம் கேளுங்கள். ஆசனத்தில் இருந்தபடியே அவர் அதனைத் தொட்டுக் காட்ட வேண்டும். காகிதப்பூக்களும் துணித் தோரணங்களும் கதவின் பிடிகளையும் பொனட்டின் இடுக்குகளையும் மறைக்காதிருக்கட்டும். மாப்பிள்ளை அழைப்பில் கொளுத்தும் வெடிகளும் வாணங்களும் காரிலிருந்து தூரத்தில் இருக்கட்டும். மணவாகனங்களை வாடகைக்கு விடுவோர் கருவியின்றி ஓட்டலாகாது என்ற நிபந்தனையை அதிகாரிகள் விதிப்பார்களாயின் அது வரவேற்கத்தக்கதாகும். ஆயினும் அதுவரை காத்திருக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

நமது நண்பரின் மைனர் இன்றும் ஓடுகின்றது. எரிந்த வயர்கள் மாற்றப்பட்டுவிட்டன. இடப்புற ஆசனத்தின் முன்னே இப்போது ஒரு சிவப்பு உருளை உலோகத் தாங்கியில் குறுக்காகக் கிடக்கின்றது. அந்தச் சிவப்பு காரின் அழகைக் கெடுத்துவிட்டதென அவர் அவ்வப்போது குறைபடுவதுண்டு. ஆனால் மாதம் தவறாமல் அதனைக் கழற்றிக் குலுக்கிவிட்டு மீண்டும் பூட்டுபவரும் அவரேதான். பழைய கார்களின் ஏனைய உரிமையாளர்களும் இம்மாதமே அதனைச் செய்யத் தொடங்குவார்களாக.